டொராண்டோ பக்கம் குளிர்கால வானிலையை நாமளே படிக்கிறது எப்படி? மேகம், காத்து, ஸ்னோ, ஃப்ரீசிங் ரெயின் – முழுமையான வழிகாட்டி

நவம்பர் ஆனா போதும், ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்ப்டன், அஜாக்ஸ்னு நம்ம ஆளுங்க இருக்கிற எல்லா வாட்ஸ்அப் குரூப்லயும் ஒரே கேள்விதான் ஓடும், "நாளைக்கு எத்தனை சென்டிமீட்டராம்?" கேள்வியே தப்புங்க. மைனஸ் 12ல 10 செ.மீ. ஸ்னோ விழுந்தா தொடப்பத்தாலயே தள்ளிட்டு வேலைக்குப் போயிடலாம். மைனஸ் 1ல 3 மி.மீ. ஃப்ரீசிங் ரெயின் (மழையா வந்து பட்ட இடத்துல ஐஸா உறையிறது) விழுந்தா வீட்டு வாசப்படியையே தாண்ட முடியாது. சென்டிமீட்டர் கணக்குல பாத்தா ரெண்டாவது ஒண்ணுமே இல்ல, ஆனா ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில கூட்டம் சேர்றது அன்னைக்குத்தான்.

அதனால கேக்க வேண்டியது மூணு: எது விழப்போகுது, எந்த நேரத்துல அது வேறொண்ணா மாறும், காத்து எந்தப் பக்கத்துல இருந்து அடிக்குது. இந்த மூணையும் ஃபோர்காஸ்ட்ல இருந்தும் வானத்துல இருந்தும் எப்படி எடுக்கிறதுன்னு படிப்படியா சொல்றேன். டொராண்டோவைச் சுத்தி இருக்கிறவங்களுக்காக எழுதுறது இது. ஆட்டவா, மாண்ட்ரியால் ஆளுங்களுக்கும் பாதிக்கு மேல பொருந்தும், ஏரி சம்பந்தப்பட்டதை மட்டும் விட்டுடுங்க.

படி 1: போன்ல வர்ற ஐகானை நம்புறதை நிறுத்துங்க

போன் வாங்கும்போதே கூட வர்ற வெதர் ஆப் பெரும்பாலும் கம்ப்யூட்டர் மாடல் கக்குற எண்ணை அப்படியே படமா மாத்திக் காட்டுது. ஜீரோவை ஒட்டின நாள்ல அந்த ஸ்னோ படத்துக்கு மதிப்பே கிடையாது, ஏன்னா அரை டிகிரி மாறினா படமும் மாறிடும். கனடா அரசோட வானிலைத் துறையான என்விரான்மென்ட் கனடா தளத்தையோ அவங்களோட வெதர்கேன் ஆப்பையோ வச்சுக்கோங்க, அதுல வார்த்தையில எழுதியிருக்கிற ஃபோர்காஸ்ட்டைப் படிங்க. காலை 5 மணி, 11 மணி, அப்புறம் சாயங்காலம் 4 மணிக்குக் கொஞ்சம் முன்னாடின்னு புதுசா போடுவாங்க, நிலைமை மாறினா நடுவுலயும் திருத்துவாங்க. காலையில 4:30க்குப் பாத்துட்டுக் கிளம்புறவங்க நேத்து சாயங்காலத்துப் பழசைத்தான் பாக்குறீங்கன்னு ஞாபகம் வச்சுக்கணும்.

இன்னொண்ணு, எந்த ஊருக்குப் பாக்குறீங்கங்கிறதும் முக்கியம். "டொராண்டோ"ன்னு போட்டா வர்ற வெப்பநிலை பல நேரம் பியர்சன் ஏர்போர்ட்ல அளந்தது. அது ஏரியில இருந்து தள்ளி, மேடான இடத்துல இருக்கு. ஒன்டாரியோ ஏரியோட நீர்மட்டம் கடல் மட்டத்துல இருந்து சுமார் 75 மீட்டர், பியர்சன் 173 மீட்டர், வடக்க ஓக் ரிட்ஜஸ் மேடு 300 மீட்டரைத் தாண்டுது, கேலடன் பக்கம் அதுக்கும் மேல. டிசம்பர்ல ஏரிக்கரையில பிளஸ் 2 இருக்கும்போது ரிச்மண்ட் ஹில்ல மைனஸ் 1 இருக்கிறது சாதாரணம். கீழ லேக் ஷோர்ல மழை, 401 ஹைவேக்கு வடக்க சகதி, மேஜர் மெக்கன்சி ரோடு தாண்டினா சுத்தமான ஸ்னோ, எல்லாம் ஒரே நேரத்துல. வீடு ஒரு இடம் வேலை ஒரு இடம்னா ரெண்டு ஊரையும் சேவ் பண்ணி வைங்க.

படி 2: ஃபோர்காஸ்ட் வார்த்தைகளை உடைச்சுப் படிங்க

அந்தச் சின்ன வாக்கியங்கள்ல ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு கணக்கு இருக்கு. "ஃபிளரீஸ்"னா விட்டுவிட்டு வர்ற சின்னத் தூவல், ஒரு தெருவுல விழும் அடுத்த தெருவுல விழாது. "பீரியட்ஸ் ஆஃப் ஸ்னோ"ன்னா பரவலா விழும், நடுவுல நிக்கும். வெறும் "ஸ்னோ"ன்னு மட்டும் இருந்தா தொடர்ந்து விழப்போகுதுன்னு அர்த்தம், ஷவலைத் தேடி எடுத்து வைங்க.

60% வாய்ப்புன்னு போட்டா பாதி நாளுக்கு மேல விழும்னோ ஊர்ல 60% இடத்துல விழும்னோ அர்த்தம் இல்ல. அந்த ஃபோர்காஸ்ட் பகுதியில ஏதாவது ஒரு இடத்தை எடுத்துக்கிட்டா, அந்த நேரத்துக்குள்ள அங்க குறைஞ்சது 0.2 மி.மீ. மழையோ 0.2 செ.மீ. ஸ்னோவோ விழ எவ்வளவு வாய்ப்புங்கிறதுதான் கணக்கு. எவ்வளவு விழும்னு அந்த எண் சொல்லவே சொல்லாது. ஒரு வேடிக்கை, என்விரான்மென்ட் கனடா 50%ன்னு மட்டும் போடவே மாட்டாங்க, 40 இல்லன்னா 60தான், முடிவெடுக்கத் தெரியாத மாதிரி ஆயிடும்ல!

"ரிஸ்க் ஆஃப் ஃப்ரீசிங் ரெயின்"னு பாத்தா, வாய்ப்பு கம்மிதான், ஆனா வந்தா ஆபத்துன்னு அர்த்தம், அதைத் தாண்டிப் போயிடாதீங்க. எல்லாத்துக்கும் மேல தேட வேண்டிய வரி ஒண்ணு இருக்கு: "ஹை பிளஸ் 3, மதியம் மைனஸ் 7க்கு இறங்கும்". ஐகான்ல மழைப் படமும் பிளஸ் 3ம் மட்டும் தெரியும், எல்லாரும் ஜாலியா சாதா ஷூ போட்டுக்கிட்டுப் போவாங்க, சாயங்காலம் திரும்பும்போது காலையில பெஞ்ச மழை ரோடு முழுக்கக் கண்ணாடியா உறைஞ்சு கிடக்கும். ஃப்ளாஷ் ஃப்ரீஸ்னு சொல்றது இதைத்தான்.

விண்ட் சில் (காத்தும் சேந்து உடம்புக்குத் தெரியிற குளிர்) பத்தி ரெண்டு வரி. மைனஸ் 10ல காத்து 30 கி.மீ. வேகத்துல அடிச்சா விண்ட் சில் மைனஸ் 20 வரும், அது தோலுக்கு மட்டும். கார், ரோடு, தண்ணி பைப்புக்கெல்லாம் விண்ட் சில் கிடையாது, பிளஸ் 1ல எவ்வளவு காத்து அடிச்சாலும் தேங்கின தண்ணி விண்ட் சில்லால உறையாது. மைனஸ் 28 விண்ட் சில்லைத் தாண்டினா திறந்திருக்கிற தோலுக்கு 10–30 நிமிஷத்துல உறைகாயம் வரலாம், பஸ் ஸ்டாப்ல நிக்கிற பிள்ளைங்களுக்கு அந்த எண் முக்கியம்.

படி 3: அலர்ட் எதுக்கு எதுன்னு தெரிஞ்சுக்கோங்க

தெற்கு ஒன்டாரியோவுல ஸ்னோஃபால் வார்னிங்னா 12 மணி நேரத்துக்குள்ள 15 செ.மீ. அல்லது அதுக்கு மேல. அதுக்குக் கம்மியா இருந்து ரோடு மோசமாகும்னா டிராவல் அட்வைசரி. பிளிஸார்டுங்கிறது ஸ்னோ அளவைப் பத்தினதே இல்ல, 40 கி.மீ.க்கு மேல காத்து, 400 மீட்டருக்குக் கீழ பார்வை, இது குறைஞ்சது 4 மணி நேரம் நீடிக்கணும். புதுசா ஒரு துளி விழாம, ஏற்கெனவே விழுந்து கிடக்கிற ஸ்னோவைக் காத்து கிளப்பினாலும் பிளிஸார்டுதான்.

2025 நவம்பர் கடைசியில இருந்து மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புன்னு கலரும் சேத்துட்டாங்க. சென்னை, நாகப்பட்டினம் பக்கத்துல இருந்து வந்தவங்களுக்கு இது பழகின விஷயம்தான், ஆனா அங்க மழைக்குச் சொல்ற செ.மீ. கணக்கை இங்க ஸ்னோவுக்குப் போட்டுப் பாத்துக் குழம்பாதீங்க. அதுக்குத்தான் அடுத்த படி.

படி 4: செ.மீ. கணக்கை வெப்பநிலையோட சேத்துப் பாருங்க

தோராயமா 1 மி.மீ. தண்ணிக்கு 1 செ.மீ. ஸ்னோன்னு ஒரு கணக்கு எல்லாரும் சொல்லுவாங்க, அது சராசரி, நிஜத்துல ரொம்ப ஆடும். ஜீரோவை ஒட்டி விழுற ஈர ஸ்னோவுல 1 மி.மீ. தண்ணிக்கு அரை செ.மீ.தான் கிடைக்கும். மேகத்துக்குள்ள மைனஸ் 15 பக்கம் இருந்தா அதே தண்ணி ஒன்றரை ரெண்டு செ.மீ.யா உப்பி வரும். அதனால ஒரே 10 செ.மீ. ஒரு நாள் ஊதினா பறக்கும், இன்னொரு நாள் ஷவல்ல தூக்கவே முடியாது. ஈர ஸ்னோ அள்ளப்போயி நெஞ்சுவலி வந்தவங்க கதை இந்த ஊர்ல வருஷா வருஷம் கேக்குறதுதான், 50 தாண்டினவங்க, சுகர் பிரஷர் இருக்கிறவங்க ஜீரோ டிகிரி ஸ்னோவைக் கொஞ்சம் கொஞ்சமா, முழுசா சேர விடாம ரெண்டு மூணு தடவையா அள்ளுங்க.

தரையோட வெப்பமும் இருக்கு. நவம்பர் முதல் ஸ்னோவுக்கு 5 செ.மீ.ன்னு போட்டிருப்பாங்க, புல்லு மேல மட்டும் வெள்ளையா இருக்கும், ரோடு ஈரமா கிடக்கும், "சும்மா பயமுறுத்துறாங்கப்பா"ன்னு சிரிப்பாங்க. ரோடு இன்னும் சூடா இருந்ததுதான் காரணம். அதே ரோடு ராத்திரி ஆனதும் பிளாக் ஐஸ் (கண்ணுக்குத் தெரியாத மெல்லிசான ஐஸ்), முதல்ல பாலத்து மேல, ஏன்னா பாலத்துக்குக் கீழயும் காத்து போகுது.

படி 5: மேகங்களை வரிசையா படிங்க

எனக்குப் பிடிச்ச படி இது, இதுக்கு இன்டர்நெட்டே வேணாம். பெரிய குளிர்காலப் புயல் ஒண்ணும் திடீர்னு குதிக்காது, மேகத்தை ஒரு ஒழுங்குல அனுப்பிட்டுத்தான் வரும்.

முதல்ல ரொம்ப உசரத்துல நரம்பு நரம்பா வெள்ளைக் கீத்து, சிர்ரஸ். முழுக்க ஐஸ் துகள்தான். நாலு கீத்தைப் பாத்ததும் பதற வேண்டாம், நல்ல நாள்லயும் வரும். மேற்கு, தென்மேற்குல இருந்து நேரம் ஆக ஆக அடர்த்தியாகிட்டே வந்து வானத்தை மெல்லிசா மூடுதான்னு பாருங்க. அப்படி மூடினா அது சிர்ரோஸ்ட்ராட்டஸ், அப்போ சூரியனையோ நிலாவையோ சுத்திப் பெரிய வட்டம் தெரியும். ஊர்ல தாத்தா பாட்டி "அகல வட்டம் பகல் மழை"ன்னு சொல்லக் கேட்டிருப்பீங்க, அது இங்கயும் வேலை செய்யுது, மழைக்குப் பதிலா ஸ்னோ அவ்வளவுதான். அறுகோண ஐஸ் துகள்ல ஒளி வளைஞ்சு வர்ற அந்த வட்டம் 22 டிகிரி ஆரத்துல இருக்கும். கையை முழுசா நீட்டி விரலை விரிச்சா கட்டைவிரல் நுனியில இருந்து சுண்டுவிரல் நுனி வரைக்கும் கிட்டத்தட்ட அந்த அளவு வரும் (சூரியனை ஒரு கட்டடத்துக்குப் பின்னாடி மறைச்சுட்டுப் பாருங்க, நேரா பாக்காதீங்க). நிலாவை ஒட்டிச் சின்னதா கலரா தெரியிற வளையம் வேற, அது தண்ணித் துளி மேகம், அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

வட்டம் தெரிஞ்சு அரை நாள்ல இருந்து ஒரு நாளைக்குள்ள ஏதாவது விழ நல்ல வாய்ப்பு இருக்கு. அடுத்து மேகம் கெட்டியாகி, சூரியன் அரைக்கண்ணாடி வழியா தெரியிற மாதிரி மங்கி, நிழல் காணாமப்போகும். அது ஆல்டோஸ்ட்ராட்டஸ். கீழ உங்க நிழல் விழலைன்னா இன்னும் சில மணி நேரம்தான்னு வச்சுக்கோங்க. அப்புறம் வடிவமே இல்லாத சாம்பல் நிறம், அடி எங்க இருக்குன்னே தெரியாது, நிம்போஸ்ட்ராட்டஸ், மணிக்கணக்கா விழப்போறது இதுல இருந்துதான். சி.என். டவர் தலை மறையிற நேரமும் பெரும்பாலும் இதுதான், டவுன்டவுன்ல வேலை பாக்குறவங்களுக்கு இலவச அளவுகோல்.

விதிவிலக்கு ரெண்டு சொல்லணும். ஜனவரியில மைனஸ் 20ல சூரியனுக்கு ரெண்டு பக்கமும் குட்டிச் சூரியன் மாதிரி தெரியும், அது தரைக்குப் பக்கத்துலயே மிதக்குற ஐஸ் துகளால வர்றதாவும் இருக்கலாம், அது குளிரைத்தான் சொல்லுது, புயலை இல்ல. இன்னொண்ணு, தாழ்வா, மெல்லிசா, சோம்பேறித்தனமா படுத்திருக்கிற ஸ்ட்ராட்டஸ். மேல ஐஸ் துகளே உருவாகாத அளவுக்கு அது ஆழம் கம்மி, மைனஸ் 5லயும் தண்ணியாவே இருந்து பொடித் தூறலா இறங்கும். ஃப்ரீசிங் டிரிசில். ரேடார்ல கூடச் சரியா தெரியாது, ஃபோர்காஸ்ட்லயும் சில நேரம் தப்பிடும், ஆனா நடைபாதையைப் பளபளன்னு ஆக்கிட்டுப் போயிடும். வானம் தாழ்வா மூடி, ஜீரோவுக்குக் கீழ இருந்து, முகத்துல ஈரம் மட்டும் படுதுன்னா உடனே காலைப் பாத்து வைங்க.

படி 6: காத்துக்கு முதுகைக் காட்டி நில்லுங்க

வட அரைக்கோளத்துல எங்க நின்னாலும் சரி, டொராண்டோவோ தூத்துக்குடியோ, காத்துக்கு முதுகைக் காட்டினா தாழ்வழுத்தம் உங்க இடது கைப் பக்கம் இருக்கும். உயரமான கட்டடத்துக்கு நடுவுல நிக்காம திறந்த இடத்துல, இல்லன்னா புகை போற திசையைப் பாத்து முடிவு பண்ணுங்க.

இங்க இது ஏன் தங்கமான விதின்னா, டொராண்டோவுல ஸ்னோவா மழையாங்கிறதைத் தாழ்வழுத்தத்தோட மையம் நமக்கு எந்தப் பக்கமா கடக்குதுங்கிறதுதான் முடிவு பண்ணுது. மையம் தெற்க, ஈரி ஏரி, கிளீவ்லண்ட் பக்கமா போனா நாம குளிர்ப் பக்கத்துல மாட்டுவோம், முழு ஸ்னோ. மையம் டெட்ராய்ட் தாண்டி ஜார்ஜியன் பே பக்கம் ஏறினா தெற்குக் காத்து சூட்டைக் கொண்டுவந்து மழையாக்கிடும். நடுவுல போனா கிச்சடி. மூணு நாள் முன்னாடி ஃபோர்காஸ்ட் அப்பப்ப மாறுறதுக்குக் காரணமும் இதுதான், பாதை நூறு கிலோமீட்டர் நகர்ந்தா 20 செ.மீ. ஸ்னோ வெறும் மழையாயிடும்.

சரி, வாசல்ல நின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? புயலுக்கு முன்னாடி காத்து பெரும்பாலும் கிழக்குல இருந்து வரும். அது தென்கிழக்கு, தெற்குன்னு திரும்பிச்சுன்னா மையம் நமக்கு வடக்க, மேற்க கடக்குது, சூடு வரும், மழையா மாறும். கிழக்குல இருந்து வடகிழக்கு, வடக்குன்னு திரும்பிச்சுன்னா மையம் தெற்க போகுது, ஸ்னோ ஸ்னோவாவே இருக்கும். இந்த ஒரு விஷயத்தைப் பழகிட்டாலே பாதி ஆப்பை அழிச்சுடலாம். அப்புறம் மேற்கு, வடமேற்குக் காத்து சடார்னு வந்தா புயல் கடந்துடுச்சு, வெப்பம் சரியப் போகுது, படி 2ல சொன்ன ஃப்ளாஷ் ஃப்ரீஸ் இங்கதான்.

வர்ற பாதையை வச்சே குணத்தையும் சொல்லலாம். ஆல்பர்ட்டா கிளிப்பர்னு சொன்னா மேற்கு கனடாவுல இருந்து வேகமா ஓடி வர்றது, ஈரம் கம்மி, அஞ்சு பத்து செ.மீ. லேசான ஸ்னோ, பின்னாடியே கடுங்குளிர். கொலராடோ லோ, டெக்சஸ் லோன்னு கேட்டா உஷார், அது மெக்சிகோ வளைகுடா ஈரத்தை அள்ளிக்கிட்டு வரும், பெரிய ஸ்னோவும் கலப்படமும் அதுலதான்.

படி 7: மேல இருக்கிற சூட்டுப் பட்டையைப் புரிஞ்சுக்கோங்க

"மைனஸ் 2ல எப்படிங்க மழை பெய்யும்?"னு நிறைய பேர் கேக்குறாங்க. தரையில மைனஸ் 2, ஒரு கிலோமீட்டர் உசரத்துல பிளஸ் 3, அதுக்கு மேல மறுபடி மைனஸ். மேல இருந்து ஸ்னோவா கிளம்பி, நடுப்பட்டையில முழுசா உருகி மழையாகி, கடைசிக் கொஞ்ச தூரத்துல உறைய நேரம் கிடைக்காம, ஜீரோவுக்குக் கீழ குளிர்ந்த தண்ணியாவே வந்து, பட்ட இடத்துல உறையும். அதான் ஃப்ரீசிங் ரெயின். கீழ இருக்கிற குளிர் அடுக்கு இன்னும் கனமா இருந்தா துளி வர்ற வழியிலயே உறைஞ்சு ஐஸ் பெல்லட்டா விழும், அது குதிக்கும், ஒட்டாது, காலுக்கு ஓரளவு பிடிமானம் கொடுக்கும். மேல சூட்டுப் பட்டையே இல்லன்னா ஸ்னோ.

பெரும்பாலும் வரிசை இப்படித்தான்: ஸ்னோ, ஐஸ் பெல்லட், ஃப்ரீசிங் ரெயின், மழை. எந்தக் கட்டத்துல எவ்வளவு நேரம் நிக்குதுங்கிறதுதான் எல்லாமே. கிழக்குக் காத்து கீழ குளிரை விடாம பிடிச்சு வச்சிருந்தா ஃப்ரீசிங் ரெயின் கட்டத்துலயே மாட்டிக்கும். செயின்ட் லாரன்ஸ், ஆட்டவா பள்ளத்தாக்குகள்ல குளிர் தேங்கி நிக்கும், அதனாலதான் 1998 ஜனவரியில ஆட்டவா, மாண்ட்ரியால் பக்கம் நாள்கணக்குல ஐஸ் கட்டி மின்கோபுரங்களே மடிஞ்சு விழுந்துச்சு. நம்ம பக்கம் 2013 டிசம்பர், கிறிஸ்துமஸுக்கு முந்தின வார இறுதி, டொராண்டோவுல மட்டும் 3 லட்சம் மின் இணைப்புக்குக் கரன்ட் போச்சு, சில வீடுகளுக்கு கிறிஸ்துமஸ் தாண்டியும் வரல. 2025 மார்ச் கடைசியில ஒரிலியா, பீட்டர்பரோ பக்கம் அதே கதை, அன்னைக்கு டொராண்டோ தெற்குல பெருசா ஒண்ணுமே தெரியல. ஒரு டிகிரி வித்தியாசம்.

ஐஸ் கனம் 6 மி.மீ. தாண்டினா கிளைகள் முறிய ஆரம்பிக்கும், 12–13 போனா மின்கம்பி தாங்காது. அந்த அளவு சொல்றாங்கன்னா போனெல்லாம் சார்ஜ் போட்டு, மரத்தடியில கார் நிறுத்தாம, கராஜ் கதவைக் கையால திறக்கத் தெரியுமான்னு முந்தின நாளே பாத்துக்கோங்க. கரன்ட் போனதும் சூட்டுக்காக கரி அடுப்பையோ கேஸ் பார்பிக்யூவையோ வீட்டுக்குள்ள கொண்டுவராதீங்க, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

படி 8: ஜாக்கெட் கையில விழுறதைப் பாருங்க

கருப்பு ஜாக்கெட் இருந்தா அதான் உங்க லேப். கையை நீட்டுங்க, விழுற துகளைப் பக்கத்துல வச்சுப் பாருங்க.

ஆறு கை உள்ள அழகான நட்சத்திரம் விழுந்தா மேகத்துக்குள்ள மைனஸ் 12ல இருந்து மைனஸ் 18க்குள்ள நல்லா வளருது, லேசா இருக்கும் ஆனா சட்டுனு குமியும், சொன்ன செ.மீ.யைத் தாண்டினாலும் ஆச்சரியப்படாதீங்க. ஊசி ஊசியா இருந்தா மைனஸ் 5 பக்கம் உருவானது. பெரிய பெரிய கொத்தா, ரெண்டு ரூபாய் காசு அளவு, பாக்கப் பிரமாதமா மெதுவா இறங்குதா, எல்லாரும் வீடியோ எடுப்பாங்க, ஆனா அது மேல எங்கயோ ஜீரோவைத் தொட்டு ஈரமாகி ஒண்ணோடொண்ணு ஒட்டினது, மழையாவோ ஐஸாவோ மாறப்போறதுக்கு அறிகுறி. வெள்ளையா, அமுக்கினா நொறுங்குற உருண்டைன்னா அது ஸ்னோ பெல்லட், மேகத்துல குளிர்ந்த நீர்த்துளி நிறைய இருக்கு. தெளிவா, கெட்டியா, ஜன்னல்ல டிக் டிக்னு சத்தம் போட்டுக் குதிச்சா ஐஸ் பெல்லட், சூட்டுப் பட்டை வந்தாச்சு.

அந்த டிக் டிக் சத்தம் நின்னு, ஆனா ஏதோ விழுந்துட்டே இருக்குன்னா, போய்க் காரோட கண்ணாடி, படிக்கட்டுக் கைப்பிடி, செடியோட குச்சி மூணையும் தொட்டுப் பாருங்க. காத்து நாலு பக்கமும் படுற மெல்லிசான பொருள்லதான் ஐஸ் முதல்ல பிடிக்கும், ரோடு அப்புறம்தான். குச்சியில வழவழன்னு ஒரு உறை இருந்தா டிரைவிங் பிளானை மாத்துங்க.

மழை ஸ்னோவா மாறுறதுக்கும் ஒரு குறிப்பு. வெளிய பிளஸ் 3, ஆனா டியூ பாயின்ட் (காத்துல இருக்கிற ஈரம் துளியாகத் தொடங்குற வெப்பநிலை) மைனஸ் 5ன்னு காட்டுதுன்னா காத்து காஞ்சிருக்கு. மழை விழ ஆரம்பிச்சதும் ஆவியாகி அந்தக் காத்தையே குளிர்விச்சுடும், அரை மணி ஒரு மணி நேரத்துல ஜீரோவுக்கு இறங்கி ஸ்னோவாயிடும். பிளஸ் 3தானேன்னு நினைக்கிறவங்க ஏமாறுற இடம் இது.

படி 9: ஏரி பண்ற வேலை

டொராண்டோவுல வெயிலடிக்கும், பேரியில கண்ணு தெரியாது. மேல போற குளிர்காத்து இன்னும் உறையாத ஏரித் தண்ணி மேல ஓடும்போது சூட்டையும் ஈரத்தையும் வாங்கி மேகமாகி, கரை ஏறினதும் கொட்டும். ஏரித் தண்ணிக்கும் ஒன்றரை கிலோமீட்டர் உசரத்துல இருக்கிற காத்துக்கும் 13 டிகிரி வித்தியாசம் வந்தா ஸ்கால் (ஏரியில இருந்து பட்டையா வர்ற திடீர் ஸ்னோ) கிளம்பத் தயார். வடமேற்குக் காத்துல ஹியூரான் ஏரி, ஜார்ஜியன் பேயில இருந்து ஓவன் சவுண்ட், பேரி, ஒன்டாரியோவுல இருக்கிற லண்டன் பக்கம். தென்மேற்குக் காத்துல ஈரி ஏரி நீளம் முழுக்க ஓடி பஃபலோ, ஃபோர்ட் ஈரி பக்கம். 2022 கிறிஸ்துமஸ் சமயத்துல பஃபலோவுல அடிச்ச பெரிய பிளிஸார்டும் அதுதான். ஈரி ஏரி சராசரியா 19 மீட்டர் ஆழம்தான், சீக்கிரம் உறைஞ்சு ஆட்டத்தை நிறுத்திக்கும். ஒன்டாரியோ ஏரி சராசரி 86 மீட்டர், பெரும்பாலும் முழுசா உறையாது, ஆனா குளிர்காத்து பெரும்பாலும் நம்ம பக்கத்துல இருந்து ஏரிக்குள்ள போறதால லாபமோ நஷ்டமோ எதிர்க்கரை நியூயார்க் மாநிலத்துக்கு. கிழக்குக் காத்து அடிக்கிற நாள்ல மட்டும் நமக்குக் கொஞ்சம் கூடுதலா போட்டுக் கொடுக்கும்.

ஸ்கால் பட்டை சில கிலோமீட்டர் அகலம்தான் இருக்கும், தூரத்துல இருந்து பாத்தா வடக்க கரும்சாம்பல் சுவர் நிக்கும், பக்கத்துல நீல வானம். 400 ஹைவேல வடக்க போறவங்க அந்தச் சுவரைப் பாத்துட்டு "இங்க வெயில்தானே"ன்னு அழுத்தாதீங்க. ரேடார்லயும் இது முழுசா தெரியாது. கிங் சிட்டியில இருக்கிற ரேடாரோட கதிர் தூரம் போகப்போக உசரம் ஏறிடும், ஸ்கால் மேகம் தாழ்வானது, அதனால கதிருக்கு அடியிலயே ஒளிஞ்சுக்கும். கிளம்பும் முன்னாடி ஒன்டாரியோ 511ல ரோட்டு கேமராவைப் பாக்குறதுதான் நம்பகம்.

ரேடாரைப் பத்தியே சொல்லிடறேன். ஸ்னோ, மழைன்னு ரெண்டு விதமா மாத்திப் பாக்கலாம், கடைசி ஒரு மணி நேரத்தை ஓடவிட்டு எந்தப் பக்கம் நகருதுன்னு பாருங்க, அடுத்த ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்கு அதைவிட நல்ல ஃபோர்காஸ்ட் கிடையாது. தலைக்கு மேல கலர் இருந்தும் ஒண்ணும் விழலையா, கீழ காஞ்ச காத்து அதை வழியிலயே குடிக்குது, கொஞ்ச நேரத்துல நனைஞ்சு கீழ வந்துடும். திடீர்னு ஒரு பட்டை மட்டும் அடர்ந்த கலரா தெரிஞ்சா, ஸ்னோ உருகத் தொடங்குற அடுக்காவும் இருக்கலாம், தண்ணி பூசின துகள் ரேடாருக்குப் பெருசா தெரியும்.

படி 10: முந்தின ராத்திரி, அன்னைக்குக் காலை

ஏழு நாளைக்கு அப்புறம் 30 செ.மீ.ன்னு சிவப்புக் கலர்ல ஒரு மேப் குரூப்ல வரும், தயவுசெஞ்சு ஃபார்வர்டு பண்ணாதீங்க. அது ஒரே ஒரு மாடலோட ஒரே ஒரு ரன். அஞ்சு நாளைக்கு முன்னாடி "ஏதோ வருது" மட்டும் போதும், ரெண்டு நாளைக்கு முன்னாடி எது விழும்னு பாருங்க, அளவைப் பத்திக் கடைசி 24 மணி நேரத்துல கவலைப்பட்டாப் போதும். அமெரிக்க மாடல், ஐரோப்பிய மாடல், கனடா மாடல் மூணும் ஒரே மாதிரி சொல்ல ஆரம்பிச்சா நம்பலாம், ஆளுக்கொண்ணு சொன்னா எந்த எண்ணையும் நம்பாதீங்க.

ராத்திரி படுக்கும் முன்னாடி மணிவாரி ஃபோர்காஸ்ட்ல ஜீரோவைக் கடக்குற நேரத்தை மட்டும் குறிச்சு வைங்க. மேல ஏறிக் கடக்குதா, கீழ இறங்கிக் கடக்குதா? உங்க டிரைவ் நேரமும் அதுவும் ஒண்ணா வந்தா முன்னாடியோ பின்னாடியோ நகருங்க. உப்பு போடுறதுன்னா விழுறதுக்கு முன்னாடியோ ஆரம்பத்துலயோ போடுங்க, மைனஸ் 10க்குக் கீழ சாதா கல்லுப்பு ரொம்ப மந்தமாயிடும், அப்போ மணல்தான். டொராண்டோவுல வீட்டுத் தெருவுக்கெல்லாம் ஸ்னோ 8 செ.மீ. ஆனப்புறம்தான் பிளவ் (ஸ்னோ தள்ளுற வண்டி) வரும், 6 செ.மீ.க்கு வரலன்னு நகராட்சியோட 311க்குப் போன் போட்டுப் பிரயோஜனம் இல்ல. ஸ்கூல் பஸ் கேன்சல்னு காலையில வந்தா ஸ்கூலும் லீவுன்னு அர்த்தம் இல்ல, பல நாள் கட்டடம் திறந்துதான் இருக்கும், ஸ்கூல் போர்டு தளத்துல ரெண்டையும் தனித்தனியா பாருங்க.

பெரிய ஸ்னோ நாள்ல வெளிய போகாம இருக்கிறதுக்கு வெக்கப்படவே வேணாம். 1999 ஜனவரியில மேயர் மெல் லாஸ்ட்மன் ஸ்னோ அள்ள ராணுவத்தையே கூப்பிட்டாரு, நாடே சிரிச்சுச்சு. 2022 ஜனவரி 17ல டி.வி.பி., கார்டினர்ங்கிற ரெண்டு பெரிய எக்ஸ்பிரஸ்வேயையும் இழுத்து மூட வேண்டியதாப் போச்சு, அப்போ யாரும் சிரிக்கல.

கடைசியா வின்டர் டயர். 7 டிகிரிக்குக் கீழ சாதா டயர் ரப்பர் விறைச்சுப் பிடிமானம் குறையும், அதனால ஸ்னோ விழக் காத்திருக்காம ராத்திரி 7க்குக் கீழ நிலையா போனதும் மாட்டிடுங்க. கழட்டுறதுக்கு மட்டும் அவசரப்படாதீங்க, மார்ச்ல நாலு நாள் வெயில் அடிச்சதும் கடையில க்யூ நிக்கும். 2018 ஏப்ரல் 14, 15ல ஐஸ் பெல்லட்டும் ஃப்ரீசிங் ரெயினும் ரெண்டு நாள் பின்னி எடுத்துச்சு, சி.என். டவர்ல இருந்து விழுந்த ஐஸ் ரோஜர்ஸ் சென்டர் கூரையில ஓட்டை போட்டு 16ம் தேதி பேஸ்பால் மேட்ச்சே தள்ளிப்போச்சு. ஏப்ரல் கடைசி வாரத்துக்கு அப்பாயின்ட்மென்ட் போடுங்க, கூட்டமும் குறைஞ்சிருக்கும்.